அம்மா கொட்டிய பால்

நடிகை செத்த மர்மம், நடிகர் செத்த மர்மம் என்று டிவியில் எவனாவது குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ‘கிடைத்த ஆதாரங்களின்படி’ என்பான். அந்த ஆதாரம் எப்படித் தயாராகிறது என்பதை எங்கள் வீட்டிலேயே பார்த்தவள் நான்.

தொண்ணூறுகளில் திருமழிசையில் இருந்தோம். அம்மா பூந்தமல்லிப் பக்கம் ஒரு நடிகையின் தோட்ட வீட்டில் சமையல் வேலை செய்தாள். ஒருநாள் காலை அந்தம்மா எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். உடலை எடுத்துக்கொண்டு போனதும், மிச்சமிருந்த பால், சோறு, குழம்பு, குடத்துத் தண்ணீர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு அம்மா வீட்டைக் கழுவிவிட்டாள். சாவு விழுந்த வீட்டில் வேறென்ன செய்வார்கள்?

சில வருஷம் கழித்து டிவிக்காரர்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பவ்யமாகப் பேசினான் ஒருத்தன்.

“அவங்க ராத்திரி குடிச்ச பால் மிச்சம் இருந்துச்சாம்மா?”

“இருந்துச்சு. கொட்டிட்டேன். சாவு ஊட்ல ஆக்குனத வெச்சிருப்பாங்களா? உங்க ஊட்ல வெப்பீங்களா நைனா?”

அவன் சிரித்துக்கொண்டே தலையாட்டினான். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அவனுக்கு நன்றாகவே புரிந்தது.

கேபிளில் அது வந்த அன்று பாதித் தெரு எங்கள் வீட்டில். ‘கொட்டிட்டேன்’ வரைக்கும்தான் அம்மா பேசினாள். அங்கேயே அவள் முகத்தை நிறுத்திவைத்து, தடதடவென்று ஒரு இசை. “பாலைக் கொட்டியது ஏன்? யாருக்காக?” என்றது குரல். அட படுபாவி, ஏன் என்றுதான் உன் மூஞ்சிக்கு நேராகச் சொன்னாளே, அதை வெட்டி எந்தக் குப்பையில் போட்டாய்?

அவனை விடுங்கள், அவனுக்கு அது பிழைப்பு. எதிர்வீட்டுக்காரியின் மாமியார் செத்தபோது, சோற்றுப் பானையைத் தூக்கிப்போய்க் கவிழ்த்துவிட்டு வந்ததே எங்கள் அம்மாதான். அந்த எதிர்வீட்டுக்காரியே டிவியில் வந்த மறுநாள் வந்து, “நெசமா இன்னாக்கா ஆச்சு அங்க?” என்கிறாள். “உங்க மாமியாருக்கு ஆனதுதான்” என்றேன். அம்மா என்னைத்தான் அதட்டினாள்.

அதற்குப் பிறகு அம்மாவை யாரும் சமைக்கக் கூப்பிடவில்லை. அதுவரை தெருவில் எந்த விசேஷம் என்றாலும் கரண்டி அவள் கையில்தான் இருக்கும். அடுத்து வந்த வளைகாப்பில் அவள் அடுப்படிக்குப் போனதும், “நீ குந்துக்கா, நாங்க பாத்துக்கறோம்” என்று ஓரமாக நாற்காலி போட்டார்கள். சாப்பிடாமலே வந்துவிட்டாள். எனக்கு அந்தப் பந்தியையே கவிழ்க்கலாம் போல இருந்தது.

டிவிக்காரனுக்குப் போன் போட்டுக் கத்தினேன். நிகழ்ச்சிக்கு நல்ல வரவேற்பு, ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போடுகிறோம் என்றான் வெட்கமில்லாமல்.

போட்டார்கள். வேண்டாம் என்று நான் சொல்லியும் அம்மா உட்கார்ந்து கடைசிவரை பார்த்தாள். முடிந்ததும் எழுந்து டிவியை அணைத்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்:

“ஏண்டி, அந்தப் பால்ல மெய்யாலுமே ஏதாச்சும் இருந்திருக்குமோ? நான்தான் பாக்காம காச்சிக் குட்த்துட்டேனோ?”