கோன்ஷே என்றால் லீவு

கப்பல் சரக்குக் காப்பீட்டு அலுவலகத்தில் அவரை எல்லோரும் 'கமா சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தாறு வருடமாக அங்கே டைப்பிஸ்ட். யார் எழுதிக் கொடுத்தாலும் கமா, புள்ளி திருத்தாமல் விரல் நகராது. ஆங்கிலத்தில் சந்தேகமென்றால் அவர் மேஜைக்குத்தான் வருவார்கள். அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

புது மேனேஜர் வெளிநாட்டில் படித்தவர். ஆங்கிலக் கடிதத்தில் ஒரு பிரெஞ்சு வார்த்தையாவது தூவாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. வந்த முதல் வாரமே, நாலு பேர் முன்னால், "சார், இதுல ஒரு எழுத்து விட்டுப்போச்சு" என்று கமா சார் தாளை நீட்டிவிட்டார். மேனேஜர் சிரித்துக்கொண்டே திருத்தினார். சிரிப்பு உதட்டோடு நின்றது.

மூன்று மாதம் கழித்து, தலைமை அலுவலகத்துக்குப் போகவேண்டிய கடிதம் ஒன்று டைப் அடிக்க வந்தது. வெள்ளிக்கிழமை, ஊழியர்கள் அனைவர் முன்னிலையிலும், டைப்பிஸ்டுக்கு ஏதோ ஒன்றைக் கொடுக்கப்போவதாக எழுதியிருந்தது. அந்த ஏதோ ஒன்றைக் குறித்த வார்த்தைதான் கமா சாருக்கு விளங்கவில்லை. அவருடைய கையடக்க அகராதியில் அது இல்லை. சக ஊழியர்களிடம் கேட்கக் கௌரவம் விடவில்லை. மேனேஜரிடமே போய் நின்றார்.

"அதுவா? கோன்ஷே. பிரெஞ்சுல லீவுன்னு அர்த்தம்" என்றார் மேனேஜர், நிமிராமல். "இத்தனை வருஷம் உழைச்சிருக்கீங்க. வெள்ளிக்கிழமை வீட்ல இருக்கவங்களையும் கூட்டிட்டு வாங்க."

கமா சாருக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்குப் போனதும் மனைவியிடம், "பொண்ணு வீட்ல போய் ஒரு மாசம் இருந்துட்டு வரலாம். கோன்ஷேன்னு நீளமா லீவு தர்றாங்க" என்றார். அவள் அன்றைக்கே பெட்டியைத் தூசி தட்டினாள்.

வெள்ளிக்கிழமை அவளை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். மேனேஜர் ஆங்கிலத்திலேயே பேசினார். அவளுக்கு அது தெரியாது. கமா சாரை எழுப்பி, அந்த வார்த்தைக்கு எல்லோருக்கும் பொருள் சொல்லச் சொன்னார். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, லீவு என்றார். மேனேஜர் தடித்த அகராதியைப் பிரித்து அவர் கையில் கொடுத்தார்.

"அது பிரெஞ்சுல. இங்கிலீஷ்ல என்னன்னு படிங்க. ரெண்டாவது அர்த்தம். சத்தமா."

ஆங்கிலத்தில் இருந்ததை அப்படியே படித்தார். முன்னறிவிப்பு இல்லாமல், மரியாதை இல்லாமல், வேலையிலிருந்து அனுப்பிவிடுதல்.

பின்வரிசையில் ஒருவன் களுக்கென்றான். பிறகு அறையே சிரித்தது. எல்லோரும் சிரிக்கிறார்களே என்று அவளும் வாய்நிறையச் சிரித்தாள், கைகூடத் தட்டினாள்.

அவர் எதுவும் சொல்லாமல் அவளை ரயிலேற்றி மகள் வீட்டுக்குக் கூட்டிப் போனார். ஐந்து வாரம் ஓடியது. மாமனார் கிளம்புகிற வழியைக் காணோமே என்று மருமகன் அலுவலகத்துக்கே போன் செய்து விசாரித்துவிட்டான். அன்று சாப்பிடும்போது கேட்டான்:

"மாமா, ஆபீஸ்ல உங்களுக்குக் கொடுத்தாங்களே, அந்த வார்த்தை என்ன?"

"கோன்ஷே!" என்று மனைவி முந்திக்கொண்டாள். "லீவுன்னு அர்த்தம், மாப்பிள்ளை."

"லீவு இல்ல அத்தை. வேலையை விட்டுத் துரத்தறது. எல்லார் முன்னாடியும் அவரையே படிக்க வச்சாங்களாம்."

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். மனைவி கையிலிருந்த கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தாள்.

"அன்னிக்கு நானும் சிரிச்சேனே" என்றாள்.

கமா சார் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார்: "ஆமா. உன் சத்தம்தான் தனியாக் கேட்டுச்சு."