பின்மதிலில் வெட்டிய கதவுகள்

இலங்கை மலைநாட்டில், பதுளைக் கடைத்தெருவில் தம்பையாவைத் தெரியாதவர்கள் இல்லை. பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் மழைநீர் வடியக் கான் வெட்டிக்கொண்டிருந்தவர், பிறகு ஊர்ச்சபையின் தண்ணீர் வண்டியை ஓட்ட வந்தார். புழுதி அடங்கத் தெருவில் தண்ணீர் தெளிப்பதுதான் வேலை. மெதுவாகப் பேசத் தெரியாது. ஒரு யோசனை தோன்றிவிட்டால் சோறு இறங்காது.

1909 ஆடியில் அந்தத் தெருவில் ஏழு கடைகள் எரிந்துபோயின. எல்லாம் இலுக்குப்புல் கூரை; தீ காற்றோடு தாவிவிட்டது. தெருக்கோடியில் கிணறு இருந்தது, நூறு பேர் மண்ணெண்ணெய்த் தகரங்களில் தண்ணீர் மொண்டுகொண்டு ஓடியும் வந்தார்கள். ஆனாலும் அணைக்க முடியவில்லை. தம்பையா இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்துவிட்டு, மூன்றாம் நாள் துணிக்கடை மொஹிதீன் முதலாளியின் வாசலில் போய் நின்றார்.

"மொதலாளி, தண்ணி பத்தாம எரியல! நெறஞ்ச தகரத்தோட வந்தவனும் வெறுந்தகரத்தோட போனவனும் முட்டிக்கிட்டாங்க. பாதித் தண்ணி தெருவுலதான் கொட்டிச்சு. யாரும் ஓடக் கூடாது. வரிசையா நின்னு தகரத்தக் கைமாத்தணும்!"

"வெறுந்தகரம் எப்படித் திரும்பிப் போகும்?" என்றார் மொஹிதீன். "தீப்பிடிச்சா, வெளிய இழுத்துப் போட்ட கடைச் சாமானெல்லாம் தெருவுலதானே கிடக்கும். இன்னொரு வரிசைக்கு இடமேது?"

தம்பையா திரும்பித் தெருவின் அகலத்தைக் கண்ணால் அளந்தார். கடைக்குப் பின்னாலேயே வீடு; திரைக்குப் பின்னாலிருந்து முதலாளியின் மனைவி ஸைனப்பின் குரல் வந்தது.

"வீட்டுக்குப் பின்னால உள்ள வளவால அனுப்புங்க. மதிலுக்கு மதில் ஒரு சின்னக் கதவு வெட்டினா, பொம்பளைங்க நாங்களே கைமாத்திக் கிணத்தடிக்குச் சேர்த்திருவோம்."

"ஆமாங்கம்மா! அதேதான்!" தம்பையா போட்ட கூச்சலில் எதிர்க்கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

ஒரு மாதத்தில் தெருவின் இரு பக்கமும் கதவுகள் வந்தன. கீழ்ப்பக்கத்து அரிசிக்கடைச் சிவஞானம் மட்டும் மசியவில்லை. "கள்ளனுக்கு நானே வழி வெட்டிக் குடுக்கணுமா?" என்றார். இருபக்கமும் தாழ்ப்பாள் போடலாம் என்று சொல்லியும் கேட்கவில்லை.

தம்பையா அவரோடு வாதாடவில்லை, போட்டி வைத்தார். மேல்பக்கத்துக்கு ஒரு பீப்பாய், கீழ்ப்பக்கத்துக்கு ஒரு பீப்பாய். முதலில் நிரப்புகிறவர்களுக்கு வெற்றி. ஞாயிற்றுக்கிழமை ஊரே திரண்டது. "தூக்கு! குடு! தூக்கு! குடு!" என்று தம்பையா நடுத்தெருவில் குதித்தார். தெருவில் ஆண்கள் கையில் தண்ணீர் பறந்தது. பின்வளவுகளில் வெறுந்தகரங்கள் கடகடவென்று திரும்பின. மேல்பக்கத்துப் பீப்பாய் வழிந்தபோது கீழ்ப்பக்கத்தில் பாதிகூட ஆகவில்லை. தகரமெல்லாம் சிவஞானத்தின் மதிலடியில் குவிந்து கிடந்தது!

"உங்க மதிலாலதான் தோத்தோம்!" என்று அவர் மனைவி விசாலாட்சி எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள். மறுநாள் காலையிலேயே கொத்தன் வந்துவிட்டான்.

அடுத்த வருடம் ஆவணியில், நல்ல உச்சிவெயிலில், கீழ்ப்பக்கத்துக் கயிற்றுக்கடை பற்றிக்கொண்டது. காற்றும் பலமாக அடித்தது. தம்பையா வண்டியிலிருந்து குதித்துக் கத்துவதற்குள் வரிசை நின்றுவிட்டது! கிணற்றிலிருந்து தகரங்கள் ஏறின. நாலு பேர் பக்கத்துக் கடைக் கூரையில் ஏறி, புல்லைப் பிடுங்கி எறிந்தார்கள். புகையில் இருமிக்கொண்டே, "நிறுத்தாதீங்கடி, இன்னும் வருது!" என்று விசாலாட்சி பின்வளவில் கத்தினாள். எதிர்ப்பக்கத்து ஸைனப், வளவிலிருந்த தகரங்களையெல்லாம் கடை வழியே வெளியே தள்ளிக்கொண்டிருந்தாள்.

ஒரே ஒரு கடைதான் போனது. பக்கத்துக் கடைக்குக் கூரை இல்லை, ஆனால் கடை இருந்தது. கைகள் கொப்புளித்திருந்த தம்பையா நனைந்த தெருவில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தார். சிவஞானம் ஓடி வந்து அவரைக் கட்டிக்கொண்டார்.

அந்த வருடமே, கடைத்தெருவில் இனி ஓட்டுக்கூரைதான் போடவேண்டும், பின்மதிலில் கதவும் இருக்கவேண்டும் என்று ஊர்ச்சபை விதி செய்தது. தம்பையாவின் வண்டிக்கு ஐம்பது தகரங்களும் வந்தன. பிறகு தங்கள் தெருவிலும் இதே ஏற்பாட்டைச் செய்து தரும்படி பண்டாரவளைக் கடைக்காரர்கள் ஆளனுப்பி அவரை அழைத்தார்கள். போய்ப் பார்த்தால் அங்கே கடைகளுக்குப் பின்னால் மதிலே இல்லை, வெறும் வேலிதான்.

"அட, பாதி வேல முடிஞ்சிருச்சு!" என்று வேட்டியை மடித்துக் கட்டினாராம்.