எண்ணூறு பேர் படித்த கட்டுரை

பட்டாசுத் திரி சுற்றும் பெண்களின் விரல் நரம்புகள் மூளைக்குச் செய்தி அனுப்பும் வேகத்தைப் பற்றிய என் ஆய்வுக் கட்டுரையை, இணையத்தில் எண்ணூறு பேர் படித்திருப்பதாகக் கணக்குக் காட்டியது.

இன்று சிவகாசி பிரவுசிங் சென்டரில் விஷயம் தெரிந்தது.

"ஆறு கம்ப்யூட்டர்லயும் நெட்டத் திறந்தா முதல்ல வர்ற பக்கமா உங்க கட்டுரையத்தான் சார் வச்சிருக்கேன். ரிசல்ட் பாக்க வாரவுக எல்லாம் அதத் தாண்டித்தான் போகணும்," என்றார் கடைக்காரர், பெருமையாக.

திட்ட மனம் வரவில்லை. "யாராச்சும் படிச்சாகளா?" என்றேன்.

"உங்ககிட்டச் சோதனைக்குக் கை நீட்டுன தாயில்பட்டி அக்கா மட்டும், 'எங்க விரலுக்கு என்னன்னு போட்டிருக்கு?'ன்னு கேட்டாக. இங்கிலீஷு, எனக்கும் புரியலன்னுட்டேன்."

படித்தவர் கணக்கில் அந்த அக்காவும் இருக்கிறார்.

அவருக்குத் தமிழில் எழுதிக் கொடுத்தால் அது எந்தக் கணக்கில் ஏறும்? தெரிந்தவர்கள் சொல்லவும்.