சென்னியப்பன் மாஸ்டரும் நானூறு கிராமும்

கார்த்திகை பதினான்காம் நாள், திங்கட்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்குத் தொலைபேசி ஒலித்தது. பேசியவன் தினேஷ், நம் கல்லூரிக் கபடி அணியின் முன்னாள் ரெய்டர்.

"சார், மாஸ்டர் போயிட்டாருங்க."

"எத்தனை மணிக்கு?"

"இதைத்தான் மொதல்ல கேப்பீங்கன்னு மாஸ்டரே சொல்லுவாருங்க. அஞ்சே காலுக்குங்க சார்."

உடற்கல்வி இயக்குநர் சென்னியப்பனை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவரைப் பற்றிய தவறான செய்தி ஒன்றை நீங்கள் இத்தனை காலமும் நம்பியிருக்கிறீர்கள். அது பதிவானது என் கையெழுத்தில்.

நான் அப்போது கல்லூரி அலுவலகக் கண்காணிப்பாளர்; கபடி அணிக்கு மேலாளராகவும் என்னைப் போட்டிருந்தார்கள். விளையாட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. படிவங்கள் தெரியும். அணியினர் எனக்குத் 'தேதி சார்' என்று பெயர் வைத்திருந்ததும் தெரியும். "தேதி சார் கோயிலுக்குப் போனாலும் தேதி போட்டுட்டுத்தான் கும்புடுவாரு" என்று சென்னியப்பன் என் எதிரிலேயே சொல்லிச் சிரிப்பார்.

அந்த ஆண்டு நம் அணி தோற்கவே இல்லை. ராசிபுரத்தில் வென்றோம், குமாரபாளையத்தில் வென்றோம், ஆத்தூரில் கடைசி ரெய்டில் தினேஷ் மூவரை இழுத்துக்கொண்டு கோட்டைத் தொட்டான். அன்று ஆட்டம் முடிந்ததும் நம் பையன்கள் துள்ளிக் குதித்தார்கள். சென்னியப்பன் விசில் அடித்து நிறுத்தினார். "செயிச்சவன்தான் மேட்டைச் சுருட்டோணும். தோத்தவன் கையி நடுங்கிட்டு இருக்கும், அவனை உடுங்க." எதிரணியின் ஊரில், எதிரணி களத்தில் விரித்திருந்த ரப்பர் மேட்டை, நம் பையன்கள் சுருட்டி வைத்தார்கள். ஒவ்வோர் ஊரிலும் அவர் வழக்கம் அதுதான்.

இறுதிப்போட்டி சேலத்தில். பங்குனி மூன்றாம் நாள், சனிக்கிழமை, பிற்பகல் நான்கு மணிக்கு. வீரர் எவரும் எண்பத்தைந்து கிலோவைத் தாண்டக்கூடாது. அன்று காலை எடை பார்த்து, படிவத்தில் குறித்து, மேலாளர் கையொப்பமிட வேண்டும். கோழித்தீவன மில்லிலிருந்து தராசு கொண்டுவந்திருந்தோம். தினேஷ் ஏறி நின்றான். நானூறு கிராம் அதிகம்.

முதல் நாள் மாலையிலிருந்தே அவன் தண்ணீர் குடிக்கவில்லை. எலுமிச்சைத் தோலை வாயில் அடக்கி, ஊறும் எச்சிலைத் துப்பிக்கொண்டிருந்தான்.

"ஏனுங்க சார், நானூறு கிராம் ஒரு சொம்புத் தண்ணிங்க. எண்பத்தஞ்சுன்னு போட்ருங்க சாமி" என்றார் சென்னியப்பன்.

"தராசு காட்டுவதைத்தான் எழுதுவேன்."

அவர் மேற்கொண்டு வாதாடவில்லை. இரண்டு ஸ்வெட்டரும் அவற்றின் மேல் ரெயின்கோட்டும் மாட்டித் தினேஷை வெயிலில் ஓடவிட்டார். நான் வேப்பமர நிழலில் தராசோடு உட்கார்ந்திருந்தேன். முக்கால் மணி நேரம் கழித்து அவன் மறுபடி ஏறினான். உதடு வெளுத்திருந்தது.

"போதுமுங்க சார். பையனால முடியலீங்க" என்றார் சென்னியப்பன்.

"இன்னும் இருநூறு" என்றேன்.

"உடுங்க மாஸ்டர், தேதி சாரு எறங்கி வரமாட்டாரு. நானே ஓடிட்டு வாரேன்" என்று சிரித்துக்கொண்டே தினேஷ் திரும்ப ஓடினான். அவரும் தடுக்கவில்லை, நானும் தடுக்கவில்லை. பதினொன்று நாற்பதுக்குத் தராசு சரியாக எண்பத்தைந்து காட்டியது. எழுதிக் கையொப்பமிட்டேன். வேனை நோக்கி நடந்தவன் பாதி வழியில் விழுந்தான்.

உயிர் பிழைத்தான், சிறுநீரகங்கள் பிழைக்கவில்லை. அணி சேலத்துக்குப் போகவில்லை. அன்று மாலை பயிற்சி மேட்டைச் சென்னியப்பன் ஒருவராகவே சுருட்டினார். நான் அலுவலக ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பங்குனி பன்னிரண்டாம் நாள், திங்கட்கிழமை, நிர்வாகம் விசாரித்தது. குறிப்பெழுத என்னைத்தான் உட்கார வைத்தார்கள். "மறுபடி எடை பார்த்து, ஓடச் சொன்னது யார்?" என்று கேட்டார்கள்.

"நானேதானுங்க. சாரு அப்ப அங்க இல்லீங்க" என்றார் அவர்.

நான் தலை நிமிரவில்லை. அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதினேன். எனக்கு ஓய்வுபெற நான்கு மாதங்கள் இருந்தன. வேலை போனது அவருக்கு. பிறகு வராந்தாவில் என்னைக் கண்டபோது, "ஓட உட்டது நான்தானுங்களே சார்" என்று மட்டும் சொன்னார்.

அதன் பிறகு வாரம் இரண்டு முறை, பரமத்தி வேலூரிலிருந்து சேலம் அஸ்தம்பட்டிக்கு, தினேஷைத் தம் வண்டியில் டயாலிசிஸுக்கு அழைத்துப்போனார். "ஒரு நாள் தவறலீங்க சார். போன வெசாளக்கெளம கூட வந்தாருங்க" என்று அடக்கம் முடிந்த இடத்தில் தினேஷ் சொன்னான். அவன் கை வீங்கியிருந்தது. அடுத்த முறை யார் அழைத்துப்போவார்கள் என்று கேட்டேன். "பஸ்ஸு இருக்குதுங்க" என்றான். நானும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

அந்த எடைப் படிவம் இன்னும் என்னிடம் இருக்கிறது. தேதி, நேரம், எடை, கையொப்பம், எதிலும் பிழையில்லை. பிழை விசாரணைக் குறிப்பில், மூன்றாம் பக்கத்தில், ஏழாம் வரியில் இருக்கிறது. அதை இங்கே திருத்துகிறேன்: அப்போது நான் அங்கேதான் இருந்தேன். இன்னும் இருநூறு என்று சொன்னவன் நான்.