சாவிக்காரர் டிவியில் வந்த கதை

சாவிக்காரருக்குச் செய்தி என்றால் உயிர். காலையில் கடையைத் திறந்ததும் முதலில் பேப்பர், அப்புறம்தான் அரம். கடை என்று சொல்வதே பெரிய வார்த்தை. நாலு மாடிக் கட்டடத்தின் படிக்கட்டுக்கு அடியில், நிமிர்ந்தால் மண்டை இடிக்கிற ஒரு பொந்து. உள்ளே ஒரு ஸ்டூல், சாவி வெட்டுகிற மெஷின், சாவியை இறுக்கிப் பிடிப்பதற்கு மேஜை விளிம்பில் முடுக்கிய இரும்பு வைஸ், ஆணிகளில் கொத்துக் கொத்தாக வெட்டாத சாவிகள். இருபத்திரண்டு வருஷம் அதில் குனிந்தே உட்கார்ந்து ஆளுக்கு முதுகு கூனிவிட்டது, வாய் மட்டும் கூனவில்லை. வருகிறவன் யாராக இருந்தாலும் சாவி தயாராவதற்குள் நாட்டு நடப்பு முழுக்கச் சொல்லிவிடுவார். சொல்லி முடிக்காவிட்டால் சாவியைக் கையில் கொடுக்கமாட்டார்.

அவருடைய மச்சான், அதாவது மனைவியின் தம்பி, லாரி ஓட்டுகிறவர். அவருக்கு டிவிக்காரன் பேரைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

"எல்லாம் புளுகு மூட்டை மச்சான். இவனுங்களால ஜனங்களுக்கு நல்லதுன்னு ஒண்ணு நடந்திருக்கா, சொல்லுங்க பார்ப்போம்."

"ஏன் நடக்கல? பின்னாடி தெருவுல குழாய்த் தண்ணியில சாக்கடை கலந்துச்சே, எட்டு மாசம் நாயா அலைஞ்சோம், எவன் கேட்டான்? டிவியில காட்டினாங்க. மூணாம் நாள் வந்து தோண்டினான். மறந்துட்டியா?"

"அது எப்பவோ."

"எப்பவோன்னாலும் நடந்துச்சில்ல? வாயை மூடு."

"ரெண்டு பேரும் மூடுங்க" என்பாள் மனைவி. அவள் வீட்டிலேயே பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிறவள். "இவங்க போடற சத்தத்துல ஊசியில நூல் கோக்க முடியல."

மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்த டிவியிலிருந்தே ஒரு பெண் வந்தாள். நிருபர். வேலையில் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. "அண்ணே, உங்க தொழிலைப் பத்தி ரெண்டு நிமிஷம் எடுக்கணும்" என்றாள். நம்ம ஆளுக்குத் தலைகால் புரியவில்லை. அடையாளம் காட்டாதவனுக்குச் சாவி போட்டுக் கொடுக்கமாட்டேன், பூட்டைக் கழற்றிக்கொண்டு வந்தால் எந்த வீட்டுப் பூட்டு என்று விசாரிப்பேன் என்றெல்லாம் பொறுப்பாகத்தான் பேசினார். கடைசியில் ஒரு பெரிய பூட்டை எடுத்து, "எண்ணிக்கோம்மா" என்று சொல்லி, வளைந்த கம்பி ஒன்றை விட்டு ஆட்டி, பதினோரு விநாடியில் திறந்து காட்டினார். காட்டிவிட்டு, கேமராவைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரிய ஒரு சிரிப்புச் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் வினை.

டிவி அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. செய்தி இருக்கும், படம் இருக்காது. அப்போது எடிட்டிங் அறையில் உட்கார்ந்திருக்கிற மகராசன் கம்ப்யூட்டரில் ஒரு வார்த்தையைத் தட்டுவான். பழைய படங்களில் எது முதலில் வருகிறதோ அதைத் தூக்கிப் போட்டு, மூலையில் எறும்பு சைஸில் 'கோப்புக் காட்சி' என்று எழுதிவிடுவான். கடமை முடிந்தது, டீ குடிக்கப் போகலாம். 'பூட்டு' என்று தட்டினால் முதலில் வருவது சாவிக்காரர். எங்கே திருட்டுப் போனாலும் டிவியில் அவர் வந்து பூட்டைத் திறந்து சிரித்துவிட்டுப் போவார்.

இதில் கொடுமை என்னவென்றால், அவருக்கு அது பெருமை.

"ஏய், இங்க வா, ஓடி வா! மறுபடியும் நான்!"

"திருட்டுச் செய்திங்க அது."

"இருக்கட்டுமே. பூட்டுன்னா நான்தான்னு அவங்களுக்கே தெரிஞ்சிருக்கு பாரு."

அட மனுஷா! அன்றைக்கே ஒரு போன் போட்டு, "ஏம்மா, திருடன் செய்திக்கு என் மூஞ்சி எதுக்கு?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எதிரில் இருக்கிற சலூன்காரரைக் கூப்பிட்டு, "பார்த்தியாப்பா, பார்த்தியா?" என்று பூரித்துப் போனார்.

அந்தச் சலூன்காரர் பத்தொன்பது வருஷ சிநேகிதர். சாவிக்காரர் தலையில் வேறு யார் கத்தரியும் பட்டதில்லை. சலூனில் சுவரோடு ஒரு டிவி எப்போதும் செய்தியாக ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் சத்தம் இருக்காது. சலூன்காரருக்கு ரேடியோவில் பாட்டுக் கேட்டால்தான் கை ஓடும். அதனால் அங்கே வருகிறவர்கள் காதில் பாட்டு, கண்ணில் செய்தி.

போன வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை, ரெண்டு தெரு தள்ளித் தனியாக இருந்த ஒரு டீச்சரம்மாவை யாரோ இரும்புத்தடியால் மண்டையில் அடித்துக் கொன்றுவிட்டார்கள். நகை போய்விட்டது. கதவுப் பூட்டு உடையவே இல்லை. அந்தம்மா கையில் அ, ஆ எழுதிப் படித்தவர்கள் அந்தப் பகுதியில் பாதிப் பேர். பிணத்தைத் தூக்கிக்கொண்டு போனபோது வெள்ளைத் துணி தலைப்பக்கம் சிவப்பாக ஊறியிருந்ததைப் பார்த்துப் பெரிய பெரிய ஆம்பளைகள் வாய்விட்டு அழுதார்கள்.

மறுநாள் முழுக்க டிவியில் அதுதான். ரத்தம் தோய்ந்த துணி. அடுத்து ரத்தம் சொட்டிய வாசற்படி. அடுத்து பூட்டைத் திறந்துவிட்டுப் பல்லைக் காட்டிச் சிரிக்கிற சாவிக்காரர். பூட்டு உடையாமல் திறக்கப்பட்டது என்று செய்தி வாசிக்கிறவர் சொல்லிக்கொண்டிருந்தார். சலூனில் அது யார் காதிலும் விழவில்லை. துணி, படி, சிரிப்பு. மறுபடியும் துணி, படி, சிரிப்பு.

மதியம் பன்னிரண்டரை மணிக்கு, பாதி முகத்தில் சோப்பு நுரையோடு ஒருவன் நாற்காலியிலிருந்து எழுந்தான். "டேய், இவன் அந்தப் படிக்கட்டுக்காரன்டா!"

சாவிக்காரர் அப்போது ஒரு பீரோ சாவியை அராவிக்கொண்டிருந்தார். தலைமுடியைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். இழுத்த வேகத்தில் படிக்கட்டு விளிம்பில் நெற்றி பிளந்தது. ஒருவன் வயிற்றில் மிதித்தான். மிதித்தவனைத் தள்ளிவிட்டு இன்னொருவன் மிதித்தான், இடம் கிடைக்காதவன் எட்டிக் குத்தினான். ஆணியிலிருந்த சாவிக் கொத்துகளை உருவி அதாலேயே முகத்தில் அடித்தார்கள். முன்பல் இரண்டு தெறித்துத் தரையில் சாவிகளுக்கு நடுவே கிடந்தது. "நான் இல்லைங்க, நான் இல்லைங்க" என்றுதான் முதலில் கத்தினார். அப்புறம் வெறும் "அம்மா"தான்.

"எந்தக் கையாலடா திறந்த?" என்றான் அந்த நுரைக்காரன். யாரும் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வலது கையை வைஸுக்குள் வைத்துக் கைப்பிடியைத் திருகினார்கள். ஒரு சுற்று. ரெண்டு சுற்று. மூன்றாவது சுற்றில் எலும்பு நொறுங்கின சத்தம் அவருக்கே கேட்டது. நகக்கண்ணிலிருந்து ரத்தம் பீய்ச்சியது. அந்தப் பாவிகள் அதற்கப்புறமும் ஒரு சுற்றுச் சுற்றினார்கள்.

எதிரில் சலூன்காரர் கையில் கத்தியோடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பத்தொன்பது வருஷ சிநேகிதம் வாயைத் திறக்கவில்லை.

போலீஸ் வந்து, அடித்தவர்களை விட்டுவிட்டு அடிபட்டவரைக் கொண்டுபோய் உள்ளே வைத்தது. நொறுங்கிய கையில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு ரெண்டு நாள் சிமென்ட் தரையில் கிடந்தார்.

அவரை வெளியே கொண்டுவந்தது யார் என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். அதே நிருபர் பெண். டிவியில் அந்தப் படத்தைப் பார்த்ததும் அவளுக்கு உயிரே இல்லை. டீச்சரம்மா வீட்டுக்குப் போனாள், பூட்டைப் பார்த்தாள், போலீஸ் அதிகாரியை நாலு மைக்குக்கு நடுவே நிறுத்திக் கேட்டாள்: "கம்பி விட்டுத் திறந்தா பூட்டுக்குள்ள கீறல் விழும், இதுல ஒண்ணுகூட இல்லையே சார். அதோட சாவியைப் போட்டுத்தானே திறந்திருக்கு? இன்னொரு சாவி யாருகிட்ட இருந்துச்சு?" எல்லாரும் பார்க்கக் கேட்டுவிட்ட கேள்வியை முழுங்க முடியுமா? மறுநாளே, இன்னொரு சாவி வைத்திருந்த டீச்சரம்மாவின் அக்கா மகன் நகையோடு மாட்டிக்கொண்டான்.

சாவிக்காரர் வெளியே வந்தார். ஆஸ்பத்திரியில் ரெண்டு வாரம் வைத்து மூன்று விரலை எடுத்துவிட்டார்கள். கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிச்சம்.

ஆனால் தெரு அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. அக்கா மகன் மாட்டியது பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும், "இவனும் கூட்டுதான், இல்லாமலா அத்தனை தடவை காட்டினான்?" என்றார்கள். சலூன்காரர், "நான் அடிக்கலையேப்பா" என்றார், ஏதோ பெரிய உபகாரம் பண்ணினதைப் போல. கட்டடத்துக்காரர் இன்னும் தெளிவாகச் சொன்னார். "ஜனங்க பயப்படறாங்க. டிவியில உன்மேல குற்றமில்லைன்னு சொல்லட்டும், நீயே இரு. இந்த சனிக்கிழமைக்குள்ள சொல்லலைன்னா காலி பண்ணிடு."

அந்தப் பொந்து போனால், ரெண்டு விரலை வைத்துக்கொண்டு அவருக்கு வேறு எந்த ஊரில் எவன் இடம் கொடுப்பான்?

"அடிவாங்க வெச்சவன்கிட்டயே போய் கையேந்தப் போறீங்களா?" என்று மச்சான் குதித்தார்.

"நீயும் நானும் தெருத்தெருவா சொன்னா நம்புவானா? கெடுத்த வாய்தான் சொல்லணும்டா. அதைத்தான் நம்புறாங்க" என்றார் சாவிக்காரர். பல் போன வாயில் வார்த்தை காற்றாக வந்தது.

நிருபர் பெண் அலுவலகத்தில் சண்டை போட்டாள். அழுதாள். வேலையை விட்டுவிடுகிறேன் என்றாள். வெள்ளிக்கிழமை வந்து சொன்னாள்: "முப்பத்தஞ்சு விநாடி குடுத்திருக்காங்கண்ணே. நாளைக்கு ஒரு மணிச் செய்தியில. நானே எழுதி, நானே பேசியிருக்கேன். கேமரா எல்லாம் வேண்டாம், நான் மட்டும் வந்து உங்க பக்கத்துல உக்காந்து பார்க்கறேன்."

சனிக்கிழமை ஒரு மணி. கடை திறந்திருந்தது. ஸ்டூலில் நிருபர் பெண், தரையில் சாவிக்காரர், முதல் படியில் அவர் மனைவி. மூன்று பேர் கண்ணும் எதிரில் சலூன் டிவிமேல். அங்கே முடிவெட்டக் காத்திருந்தவர்கள், பக்கத்துக் கட்டட வேலையிலிருந்து சாப்பாட்டு நேரத்துக்கு வந்தவர்கள் என்று ஏழெட்டுப் பேர். ரேடியோவில் ஏதோ காதல் பாட்டு.

டிவியில் வந்தது ரத்தம் தோய்ந்த துணி. அடுத்து வாசற்படி. அடுத்து, பூட்டைத் திறந்துவிட்டுப் பல்லைக் காட்டுகிற சாவிக்காரர்.

"ஐயையோ!" என்று எழுந்தாள் நிருபர் பெண். "உங்க கட்டுப்போட்ட கைப் படத்தை நான் குடுத்திருந்தேனேண்ணே! அதைத்தான் போடச் சொன்னேன்!"

சொல்லியிருந்தாள். போட்டுவிட்டார்களா என்று பார்க்கவில்லை. எடிட்டிங் அறை மகராசன் எப்போதும்போல 'பூட்டு' என்று தட்டியிருந்தான். அவள் குரல் நிரபராதி, நிரபராதி என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கும். சலூனில் காதல் பாட்டுதான் கேட்டது. படத்துக்குக் கீழே ஓடிய எழுத்திலோ நாளைக்கு மழை வருமா வராதா என்று இருந்தது.

"விட்டுட்டானுங்களாடா இவனை?" என்றான் ஒரு கட்டட வேலைக்காரன், டிவியையும் எதிர்ப் பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்து. "கொன்னுட்டு வந்து கடையும் போட்டு உக்காந்திருக்கான் பாரு!"

வந்தார்கள். இந்தத் தடவை சிமென்ட் பூசுகிற கரணை வைத்திருந்தவன் கரணையோடு வந்தான். முதல் வெட்டு சாவிக்காரரின் தோளில் விழுந்து சதை பிளந்துகொண்டது. கட்டுப்போட்ட கையை ஒருவன் பூட்ஸ் காலால் மிதித்துத் திருகினான். அவர் போட்ட அலறலில் ரேடியோப் பாட்டு அமுங்கிப் போனது.

மனைவி தெருவைத் தாண்டிச் சலூனுக்குள் பாய்ந்தாள். "சத்தம் வைய்யா! டிவியில சத்தம் வை!" சலூன்காரர் ரிமோட்டைத் தேடினார். சீப்புக்கடியில், துணிக்கடியில், பவுடர் டப்பாவுக்குப் பின்னால். அவர் கண்டுபிடித்துச் சத்தம் வைத்தபோது பற்பசை விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு குழந்தை வெள்ளைப் பல்லைக் காட்டிப் பாடியது. அவள் அந்த ரிமோட்டைப் பிடுங்கி அவர் வாயிலேயே ஓங்கி ஒன்று போட்டாள். உதடு கிழிந்து சட்டை நனைந்தது. "இப்பவாவது வாயைத் திறடா!"

இங்கே நிருபர் பெண் சாவிக்காரர் மேல் விழுந்து படுத்துக்கொண்டாள். முதுகில் நாலு உதை வாங்கினாள். எவனோ வீசிய பூட்டு ஒன்று புருவத்தைக் கிழித்துக்கொண்டு போனது. ரத்தம் கண்ணில் இறங்க, ஸ்டூலைப் பிடித்து எழுந்து நின்றாள்.

"டேய், நில்லுங்கடா. இது டிவியில வர்ற பொண்ணுடா" என்றது ஒரு குரல்.

ஓங்கிய கைகள் அப்படியே நின்றன. ஒரு மனுஷன் கதறினதற்கு நிற்காத கைகள்! தெருவில் அதற்குள் முப்பது நாற்பது பேர் கூடியிருந்தார்கள். அவளிடம் மைக் இல்லை, எழுதி வைத்த தாள் இல்லை. அடித்தொண்டையிலிருந்து கத்தினாள்.

"இவர் திருடலை! யாரையும் கொல்லலை! டீச்சரம்மாவைக் கொன்னது அவங்க அக்கா மகன், பிடிச்சாச்சு, ஜெயில்ல இருக்கான்! இவர் படத்தைச் சும்மா போட்டது நாங்க! இப்பவும் போட்டது நாங்கதான்! தப்பு இவர் மேல இல்லை, எங்க மேல! கேட்டுக்கோங்க, எங்க மேல!"

கரணைக்காரன் கரணையைக் கீழே போட்டான். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஓரத்திலிருந்தவர்கள் மட்டும், "என்னவாம்? என்ன சொல்லுது அந்தப் பொண்ணு?" என்று முன்னால் நின்றவர்களைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

சாவிக்காரர் படிக்கட்டுச் சுவரில் சாய்ந்து, வாயில் நிறைந்திருந்த ரத்தத்தைத் துப்பினார். அவள் சுடிதார் ஓரத்தை, கட்டுக்கு வெளியே நீண்ட ரெண்டு விரலால் பிடித்து இழுத்தார்.

"அந்தப் பக்கம் நிக்கறவங்களுக்குக் கேக்கலம்மா" என்றார். "இன்னொரு தடவை சொல்லு."

அவள் கண்ணிலிருந்த ரத்தத்தை வழித்துவிட்டு, அந்தப் பக்கம் திரும்பி, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.