பிணை நின்ற அக்கா

குடித்துவிட்டு மோட்டார் சைக்கிள் ஓடிய என் தம்பி, எங்கள் ஊர்க்காரர் ஒருவரை மோதி அவருடைய இரண்டு காலையும் முறித்துவிட்டான். அவர் படுக்கையில் விழ, தம்பி விளக்கமறியலுக்குப் போனான். பருத்தித்துறை நீதிமன்றத்தில் பிணை நிற்க இரண்டு பேர் வேண்டுமென்றார்கள். நான் ஒருவன் நின்றேன். “வாறன்” என்று சொல்லியிருந்த மாமா வரவில்லை.

பின்வரிசை வாங்கிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தா. வெளிறிய நீலச் சேலை, மெலிந்த கழுத்து. அடிபட்டவரின் மனைவி.

“நான் நிக்கிறன்,” என்றா.

நீதவான் திரும்பவும் கேட்டார். திரும்பவும் ஓம் என்றா.

பிணையில் விட்ட தம்பியோடு வெளியே வந்ததும், “ஏனக்கா?” என்று கேட்டேன். ஆரோடு கதைத்தாலும் முகத்தைப் பார்க்காமல் கைகளைப் பார்ப்பது அவவின் பழக்கம். தம்பியின் கைகளைப் பார்த்தபடியே சொன்னா:

“உங்கடை தம்பி உள்ளுக்கை கிடந்து எனக்கென்ன பிரயோசனம்? அவரைத் தூக்கி இருத்திக் குளிக்க வார்க்க எனக்குப் பெலன் காணாது. நாளைக்கு விடிய வரச் சொல்லுங்கோ.”

தம்பி இன்றும் விடியப் போய் வருகிறான். குடியை விட்டுவிட்டான். அவ மன்னித்துவிட்டாவா என்று ஒருநாள் அவனிடம் கேட்டேன்.

“தெரியேல்லை அண்ணை,” என்றான். “இன்னும் என்ரை கையைத்தான் பாக்கிறா.”