பட்டினச்சேரிக்குப் படம் விற்கப் போனேன்

காலை எட்டே காலுக்கு நெடுங்காட்டில் காரைக்கால் பஸ் ஏறினேன். டிக்கெட் நாலு ரூபாய். நான் எடுத்த போட்டோவைக் காசுக்கு விற்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. பல் டாக்டரைப் பார்க்க என்று சொல்லியிருந்தேன். அறுபத்தாறு வயதில் பொய் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினால் கண்டக்டர் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்க முடிவதில்லை.

கேமரா என் மகளுடையது. புதிது வாங்கியதும் பழையதை என்னிடம் விட்டுப் போனாள். வாய்க்கால், மாடு, நடவு என்று கண்ணில் பட்டதை எடுத்தேன். ஃபிலிம் வாங்கவும் கழுவவும் ஒவ்வொரு தடவையும் மருமகளிடம் கை நீட்ட வேண்டியிருந்தது. எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அஞ்சலையைக் கூடையோடு ஒரு படம் எடுத்துக் கொடுத்தேன். வேண்டாம் வேண்டாம் என்றாலும் இருபது ரூபாயை என் கையில் வைத்து அழுத்தினாள். கடல் ஊருக்குள் வந்தபோது அவர்கள் வீட்டுப் படமெல்லாம் பெட்டியோடு போய்விட்டதாம். அவள் புருஷன் கலியனையும் எடுத்து, பெரிதாக்கி, சட்டம் போட்டுக் கொடுத்தால் முந்நூறு தருவதாகச் சொன்னாள். அது நன்றாக இருந்தால் அவர்கள் தெருவில் இன்னும் பத்து வீடு கேட்கும் என்றாள். என் வியாபாரம் அப்படித்தான் ஆரம்பித்தது. போன வாரம் போய்க் கலியனைப் படகுப் பக்கத்தில் நிறுத்தி எடுத்து வந்தேன்.

ஒன்பது மணிக்கு காரைக்கால். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்டுடியோ ஐந்து நிமிட நடை. ஃபிலிம் கொடுத்த அன்று கடைக்காரர், "மாலை போட்டுக் குடுத்துடட்டுங்களாம்மா?" என்று கேட்டிருந்தார். நாங்கள் சாயந்தரம் என்போம். இவர் டவுன் ஆள், மாலை என்கிறார், இன்றைக்கே பிரிண்ட் போட்டுத் தருவார் போலிருக்கிறது என்று நினைத்து, "சரிங்க" என்றேன். அவர் என்னவோ என்னைப் பாவமாகப் பார்த்தார். அதற்கும் தலையாட்டிவிட்டு, அவசரமில்லை, வியாழக்கிழமை வருகிறேன் என்று வந்துவிட்டேன்.

இன்றைக்குக் கடை நிறையப் பிள்ளைகள், பாஸ்போர்ட் அளவு படம் எடுக்க வந்தவர்கள். படம் செய்தித்தாளில் சுற்றித் தயாராக இருந்தது. நூற்றைம்பது ரூபாய் கொடுத்தேன். அத்தனை பேர் நடுவில் பிரித்துப் பார்க்கக் கூச்சம். படம் விற்க நினைக்கிறவர்களுக்குச் சொல்ல எனக்கு ஒன்றுதான் தெரியும்: கடையிலேயே தாளைப் பிரித்துப் பாருங்கள்.

பத்தேகாலுக்கு நாகப்பட்டினம் பஸ். திருமலைராயன்பட்டினத்தில் இறங்க மூன்று ரூபாய். அங்கிருந்து பட்டினச்சேரிக்கு ஆட்டோ, பதினைந்து ரூபாய். மடியில் என்ன, கண்ணாடியா என்று டிரைவர் கேட்டார். மீன் பிடிக்கிறவர் ஒருவரின் போட்டோ என்றேன். எப்போது தவறினார் என்றார். இல்லை, இருக்கிறார் என்றேன்.

"இருக்கறவருக்கா இம்மாம் பெரிசு? கவுன்சிலருக்கு நிக்கிறாராம்மா?"

சிரித்துவைத்தேன். அப்போதாவது பிரித்திருக்கலாம்.

பதினொரு மணிக்கு அஞ்சலை வீட்டு வாசல். பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர் படம் பார்க்கக் கூடிவிட்டார்கள். அஞ்சலை கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு தாளைப் பிரித்தாள்.

கலியன் கழுத்தில் ரோஜா மாலை. கம்ப்யூட்டரில் போட்டது. நெற்றியில் சந்தனப் பொட்டு, கீழே எரிகிற குத்துவிளக்கு. அடியில் தோற்றம், மறைவு என்று அச்சடித்து, இரண்டுக்கும் எதிரே தேதி எழுத இடம் விட்டிருந்தார்கள்.

அந்தத் தெருப் படகெல்லாம் திரும்பிவிட்டிருந்தன. கலியனுடையது மட்டும் இன்னும் வரவில்லை என்று அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. அஞ்சலை படத்தைத் தரையில் கவிழ்த்தாள்.

"நெடுங்காட்டம்மா காரியத்துக்கே சொல்லிட்டுப் போக வந்துட்டாங்க" என்றாள் ஒருத்தி.

அஞ்சலை அவளைப் பார்த்த பார்வையில் அவள் வாயை மூடிக்கொண்டாள். நான் ஸ்டுடியோ, சாயந்தரம், மாலை என்று ஏதேதோ உளறினேன். அஞ்சலைக்கு அது காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

"அவரு கரையேறுற வரைக்கும் நீங்க போகக் கூடாதும்மா" என்றாள்.

கடற்கரையில் வலை காயும் இடத்தில் போய் உட்கார்ந்தேன். மண் சுட்டது. பையில் மற்ற வீடுகளுக்கு மாதிரி காட்டக் கொண்டுவந்த சின்னப் படங்கள் இருந்தன, வெளியே எடுக்கவில்லை. பன்னிரண்டரைக்கு யாரோ ஒரு பெண் சோறும் குழம்பும் கொண்டுவந்து வைத்துவிட்டு முகம் பார்க்காமல் போனாள். சாப்பிடாவிட்டால் தப்பாகிவிடுமோ என்று சாப்பிட்டேன். ஒவ்வொரு வாயும் திருட்டுச் சோறு மாதிரி இறங்கியது. தண்ணீரில் எங்கே கறுப்பாகத் தெரிந்தாலும் படகாக இருக்கட்டும் என்று கும்பிட்டேன்.

இரண்டே முக்காலுக்கு வந்தது. எஞ்சின் நின்றுபோய், இன்னொரு படகில் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். கலியன் இடுப்பளவுத் தண்ணீரில் குதித்துக் கரையேறியதும் அஞ்சலை அவர் தோளைப் பிடித்துப் பார்த்தாள், மீனைப் பார்க்கிற மாதிரி, அழுத்தி. விஷயத்தைக் கேட்டுப் படத்தை வாங்கிப் பார்த்தார்.

"மூஞ்சி நல்லாத்தான் வந்திருக்கு. தேதிதான் போட மறந்துட்டாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். அஞ்சலை சிரிக்கவில்லை. படத்தைத் திரும்ப என் மடியில் வைத்தாள்.

"இத எங்க வூட்டுல வைக்க முடியாது. கிழிக்கவும் கூடாது. நீங்களே கொண்டு போங்க. மால இல்லாம போட்டு எடுத்துட்டு வாங்க, அப்பத் தர்றேன் காசு."

திட்டியிருந்தால் தேவலை. சரி என்று தலையாட்ட வந்தேன். நிறுத்திக்கொண்டு, "மால இல்லாம, பொட்டு இல்லாம, கீழ எழுத்து இல்லாம" என்று வாய்விட்டுச் சொன்னேன். "ஆமா" என்றாள்.

நாலேகாலுக்கு காரைக்காலில் நெடுங்காடு பஸ். நல்ல கூட்டம். செய்தித்தாள் கடற்கரையிலேயே பறந்துபோயிருந்தது. சட்டத்தை என் பக்கம் திருப்பி மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். பஸ் குலுங்கியதில் படம் திரும்பிவிட்டது. முன் சீட்டுப் பெண் மாலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சட்டென்று எழுந்தாள்.

"உக்காருங்கம்மா. வீட்டுக்காரங்களா?"

கால் கெஞ்சியது. பேசாமல் உட்கார்ந்திருக்கலாம்.

"எனக்குச் சொந்தக்காரரு இல்லீங்க. இவரு யாரோ. உசிரோட இருக்காரு. நாந்தான் தப்பாப் போட்டுட்டேன்" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு மெதுவாக உட்கார்ந்து, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நெடுங்காடு வரை நின்றுகொண்டே வந்தேன்.